கரையில் கட்டுகிறோம், கடலில் டொல்பின்களுக்கு என்ன நடக்கிறது? திருகோணமலை பற்றிய விவாத இழை

பதிவு 1 | உப்புவெளிக்காரி

நிலாவெளி வீதியால் போய்வருகிறவர்களுக்கு இது தெரியும். வீதிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த தாழம்பற்றையும், அடம்பன்கொடி படர்ந்த மணல்மேடும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் மதில்கள் வந்துவிட்டன. கரைவலைப் பாடுகள் (கரையில் நின்று வலை இழுக்கும் இடங்கள்) சுருங்கியது பற்றியும் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகள் அடைபட்டது பற்றியும் இங்கே முன்பு பேசியிருக்கிறோம். அந்த மதிலுக்கு வெளியே, தண்ணீருக்குள் இருக்கும் உயிர்களைப் பற்றி நாம் பேசவில்லை. அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் கடலின் அமைப்பே வேறு. கொட்டியாரக் குடாவிலிருந்தே ஓர் ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. கரையிலிருந்து அதிகம் போகத் தேவையில்லை, கடலடி நூற்றுக்கணக்கான மீற்றர் இறங்கிவிடும். இன்னும் வெளியே போனால் ஆயிரம் மீற்றரைத் தாண்டும். கோணேஸ்வரக் கோயில் இருக்கும் பாறையில் நின்றே சில காலங்களில் நீலத் திமிங்கிலத்தின் மூச்சைப் பார்க்க முடிவது இந்த ஆழத்தால்தான். 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற சிறிய பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள் திமிங்கிலங்களைத் தேடி இந்தக் கடலுக்கு வந்ததும் அதனால்தான். பிறகு யுத்தம் வந்தது, அந்த வேலை நின்றுபோனது.

ஆழம் கரைக்குக் கிட்ட இருப்பதால் டொல்பின்களும் கரைக்குக் கிட்ட இருக்கின்றன. அதனால் வேறொரு கரையில் சின்னப் பாதிப்பாக முடியக்கூடிய ஒரு வேலை இங்கே பெரிய பாதிப்பாகலாம். ஒரு ஹொட்டேலோ இறங்குதுறையோ எண்ணெய்க் குழாயோ வருகிறது என்றால், காணி யாருடையது, எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கிறோம். அந்த இடத்துக்கு நேரே கடலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறோமா?

கடலுக்குப் போகிறவர்கள், படித்தவர்கள், கரையில் இருப்பவர்கள் எல்லோரும் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்.

பதிவு 2 | கொட்பே மீனவன்

அக்கா, நல்ல விஷயம் தொடங்கியிருக்கிறீர்கள். ஆனால் ஒன்றை முதலில் நேராகச் சொல்லிவிட வேண்டும். டொல்பின் சாவதற்கு முதல் காரணம் ஹொட்டேல் மதில் இல்லை, வலை. இரவில் கடலில் மிதக்க விட்டு விடிய இழுக்கிற நீண்ட வலைகளில் ஓங்கில் மாட்டும். டொல்பினை நாங்கள் ஓங்கில் என்றுதான் சொல்வோம். மாட்டினால் மேலே வந்து மூச்சு வாங்க முடியாது, வலை இழுக்கும் நேரத்துக்குச் செத்திருக்கும். முந்தின காலத்தில் அதை வெட்டி இரைக்கும் சாப்பாட்டுக்கும் எடுத்தார்கள். இப்போது சட்டம் இருப்பதால் கரைக்குக் கொண்டுவரப் பயம். கடலிலேயே விட்டுவிட்டு வருவார்கள். அதனால் எத்தனை செத்தது என்று எந்தப் புத்தகத்திலும் ஏறாது.

டைனமைட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெடி போடுகிற இடத்தில் மீன் மட்டுமா சாகிறது?

பதிவு 3 | ரொறன்ரோவிலிருந்து

அப்படியென்றால் கட்டடங்களைக் குறைசொல்வதில் பயன் இல்லையே. வலையை நிறுத்தினால் போதும்தானே?

பதிவு 4 | கொட்பே மீனவன்

வலையை நிறுத்தினால் எங்கள் அடுப்பையும் நிறுத்த வேண்டும் தம்பி. வலையை எப்படிப் போடுவது என்று பேசலாம். அதோடு, ஹொட்டேலும் வலையும் தொடர்பில்லாத விஷயங்கள் என்று நினைக்க வேண்டாம். கரைவலை இழுத்த பாடு போனவர் என்ன செய்வார்? கடன் வாங்கி எஞ்சின் போட்டு வெளியே போய் வலை விரிப்பார். முன்பு பத்துப் பதினைந்து பேர் கரையில் நின்று இழுத்த இடத்தில் இப்போது சாய்கதிரைகள் கிடக்கின்றன. அந்தப் பேரில் பாதி இன்று ஓங்கில் திரிகிற கடலில் வலை போடுகிறது.

பதிவு 5 | கடல் மாணவி

அண்ணா சொன்ன தொடர்பை நான் படித்த எந்தக் கட்டுரையும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அதற்கு நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வலை பற்றி. இந்து சமுத்திரத்தில் சூரை மீனுக்கு விரிக்கும் செவுள் வலைகளில் மாட்டி இறந்த டொல்பின், சிறு திமிங்கில வகைகளின் எண்ணிக்கையை 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. 1950 முதல் 2018 வரை ஏறத்தாழ 41 இலட்சம். அதிகம் பிடிபடும் நாடுகளின் வரிசையில் ஈரான், இந்தோனேசியா, இந்தியா, பாகிஸ்தானோடு இலங்கையும் இருக்கிறது. ஆகவே அண்ணா சொல்வது சரி, வலைதான் முதலாவது.

ஆனால் இதற்கு வழி இருக்கிறது. பாகிஸ்தானில் சூரை வலைகளை நீர்மட்டத்தில் மிதக்க விடாமல் சுமார் 2 மீற்றர் கீழே இறக்கிக் கட்டிப் பார்த்தார்கள். டொல்பின் மாட்டுவது நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்தது. மீன்பாடு பெரிதாக அடிபடவில்லை. மிதவைக் கயிற்றின் நீளத்தைக் கூட்டுவதுதான் வேலை, வலையை மாற்றத் தேவையில்லை.

கரை அபிவிருத்திக்கு வருகிறேன். டொல்பின் கண்ணைவிடக் காதை நம்பி வாழும் உயிர். தானே ஒலி எழுப்பி, அது பட்டுத் திரும்புவதைக் கேட்டு இரையையும் பாறையையும் அறிகிறது. தாயும் குட்டியும் ஒன்றையொன்று அடையாளம் காண்பதும் ஒலியால். நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் ஓடும், காற்றில் ஓடுவதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். அதனால் கடலில் தூண் இறக்கும் பைலிங் வேலை, அந்த இடத்தில் நிற்கும் மனிதனுக்குக் கேட்பதைவிட மிகத் தூரத்திலுள்ள டொல்பினுக்குப் போய்ச் சேரும். டென்மார்க் பக்கம் கடலில் காற்றாலைகளுக்குத் தூண் அடித்தபோது, டொல்பினுக்கு உறவான பொர்பொயிஸ் என்ற சிறு உயிர்கள் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வரை விலகிப்போனதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இங்கே குடாவுக்குள் அடித்தால் 20 கிலோமீற்றர் எதுவரை வரும் என்று வரைபடத்தில் அளந்து பாருங்கள். குடா முழுவதும் அதற்குள் அடங்கிவிடும்.

இன்னொன்று, இனப்பெருக்கம். நிலாவெளிக்கு வெளியே அதிகம் காணும், எழும்பிச் சுழன்று விழும் வகை இருக்கிறதல்லவா, அதன் பெண் ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும். மீன் இனங்களைப்போல் ஒரு நல்ல பருவத்தில் இழப்பை ஈடுசெய்ய முடியாது. வலையில் ஒன்று, படகடியில் ஒன்று, ஓய்வில்லாமல் மெலிந்து ஒன்று என்று போனால், கூட்டம் கரைவது நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் காலம் கடந்துவிடும்.

பதிவு 6 | சம்பூர் மண்

எல்லாம் சரி. எங்களுக்கும் கடல் முக்கியம்தான். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2006இல் ஊரைவிட்டு ஓடினோம். காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015இல். இடையில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொழிலும் தெரியாது, கடலும் தெரியாது. ஏதாவது ஒரு வேலைத்திட்டம் வருகிறது என்றதும் கொழும்பிலிருந்து சூழல், சூழல் என்று ஒரு சத்தம் வரும். திட்டம் போய்விடும். எங்களுக்கு யார் வேலை தருவது? டொல்பினுக்காகக் கதைக்கிறவர்கள் எங்களுக்காகவும் ஒரு வரி எழுதுங்கள்.

பதிவு 7 | உப்புவெளிக்காரி

உங்கள் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறேன்.

500 மெகாவாற் அனல்மின் நிலையம் சம்பூரில் கட்டப்படாது என்று 2016 செப்டெம்பரில் சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார். அதை எதிர்த்தவர்கள் எல்லோரும் கொழும்பில் இருந்து வந்தவர்கள் அல்லர். உங்கள் ஊர்ச் சனமும் மூதூர்ச் சனமும் வீதியில் நின்றார்கள். அனல்மின் நிலையம் என்றால் நிலக்கரிக் கப்பல், அதற்கு இறங்குதுறை, இயந்திரத்தைக் குளிரவைக்கக் கடலிலிருந்து நீர் எடுத்து, சூடான நீரைத் திரும்ப விடுதல். அது போய்ச் சேரும் இடம் கொட்டியாரக் குடா. உங்கள் அப்பாமார் மீன் பிடித்த தண்ணீர் அது. அதே சம்பூரில் சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் வேலை தொடங்கிவைக்கப்பட்டது. காணி பற்றிய மனவருத்தங்கள் அதிலும் இருக்கலாம், அவற்றைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால் கடலுக்குள் சூடான நீரை விடாத மின்சாரம் அது. வேலைத்திட்டம் வேண்டும் என்பதில் நாம் ஒன்றுதான். எந்தத் திட்டம், எந்த இடத்தில், எந்த மாதத்தில் கட்டுவது என்பதில்தான் கேள்வி கேட்கச் சொல்கிறேன்.

அதே ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம், இலங்கை மூன்றும் ஓர் உடன்படிக்கை செய்தன. சீனக்குடாவில் வெள்ளையர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. அந்தத் திட்டம் வளரும்போது கப்பல் கூடும், குழாய் வரும், அகழும் வேலை வரும். இவையெல்லாம் வரைபடத்தில் கோடாக இருக்கும் இந்த நேரத்தில்தான் நாம் பேச வேண்டும். தூண் அடிக்கத் தொடங்கிய பிறகு பேசினால் நட்டஈடு பற்றி மட்டுமே பேசலாம்.

பதிவு 8 | சம்பூர் மண்

சரி, அந்த அனல்மின் நிலையம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். என் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. கடலைக் காக்கும் வேலையில் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் வைப்பீர்களா? அதைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

பதிவு 9 | கிண்ணியா நானா

தங்கச்சி தொடங்கிய பேச்சில் ஆற்றை விட்டுவிட்டீர்கள். கொட்டியாரக் குடாவுக்கு மகாவலி வருகிறது. நாட்டின் மிக நீளமான ஆறு கழுவிக்கொண்டு வரும் அத்தனையும் வந்து விழும் இடம் எங்கள் வாசல். மேலே பூச்சிமருந்து அடித்தால் அதுவும் இங்கேதான் வரும். ஆற்றில் மணல் அள்ளி அள்ளிக் கரை இடிகிறது, கலங்கல் குடாவுக்கு இறங்குகிறது. உப்பாற்றுப் பக்கம், தம்பலகமக் குடாப் பக்கம் கண்டற்காடுகளை வெட்டி நிரப்புகிறார்கள். இறாலும் மீன்குஞ்சும் வளரும் இடம் கண்டல். அது போனால் குடாவுக்குள் சின்ன மீன் குறையும், சின்ன மீன் குறைந்தால் அதைத் தின்ன வரும் ஓங்கிலும் வராது. இதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

உள் துறைமுகத்துக்குள் ஊர்க்கழிவு இறங்குகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மழை நாளில் வாய்க்கால் வாய்களில் போய் நின்று பாருங்கள், பொலித்தீன் எப்படிக் கடலுக்குப் போகிறது என்று.

பதிவு 10 | கடல் மாணவி

நானா சொன்ன பூச்சிமருந்து விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். சில இரசாயனங்கள் நீரில் கரையாமல் கொழுப்பில் தங்கும். சின்ன உயிரில் கொஞ்சம், அதைத் தின்னும் மீனில் கூட, மீனைத் தின்னும் டொல்பினில் இன்னும் கூட என்று ஏறிக்கொண்டே போகும். டொல்பின் தாயின் பால் கொழுப்பு நிறைந்தது. தாய் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நஞ்சில் பெரும் பங்கை முதல் குட்டிக்குப் பாலோடு கொடுத்துவிடுகிறது. முதல் ஈற்றுக் குட்டிகள் அதிகம் இறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகப் பேசப்படுகிறது. இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

பதிவு 11 | நிலாவெளி போட்

டொல்பின் பார்க்க வெளிநாட்டவரைக் கூட்டிப்போகிற தொழில்தான் எனக்கு. எங்களைப் பற்றியும் யாராவது எழுதுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நானே எழுதுகிறேன்.

காலையில் ஒரு கூட்டம் தெரிந்ததும் போனில் செய்தி போகும். கொஞ்ச நேரத்தில் பல போட்கள் சுற்றி நிற்கும். சிலர் கூட்டத்தின் முன்னால் குறுக்கே வெட்டுவார்கள், துள்ளவைத்துக் காட்டினால் பயணிகள் சந்தோஷப்பட்டுக் காசு கூடத் தருவார்கள் என்று. 2012இல் இருந்து கடல் பாலூட்டிகளைப் பார்ப்பதற்கு அரசாங்கம் விதிகள் போட்டிருக்கிறது. துரத்தக் கூடாது, நெருங்கக் கூடாது. கடலில் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கே டிக்கெட் இருக்கிறது, வனசீவராசிகள் அதிகாரி இருக்கிறார். தீவைத் தாண்டினால் எவருமில்லை.

ஹொட்டேல் கூடக் கூடப் போட்டும் கூடும். அறைகளுக்கு அனுமதி கொடுக்கும்போது, அந்த அறைகளில் தங்குகிறவர்களைக் கடலுக்குக் கொண்டுபோகப் போகும் போட்களை யாரும் எண்ணுவதில்லை. என் தொழிலுக்கே ஆபத்து இதுதான். ஓங்கில் இந்தக் கடலை விட்டுப்போனால் நான் யாருக்கு எதைக் காட்டுவது?

பதிவு 12 | கடல் மாணவி

அண்ணா, காலையில் நீங்கள் பார்ப்பது அநேகமாக ஓய்வுக்குப் போகிற கூட்டம். அந்தச் சுழலும் வகை இரவில் வேட்டையாடும். பகலில் ஆழத்தில் கிடக்கும் சிறு மீனும் கணவாயும் இரவில் மேலே ஏறும்போது தின்னும். விடிந்ததும் ஆழம் குறைந்த, அமைதியான நீரைத் தேடி வந்து இளைப்பாறும். அந்த நேரத்தில் மூளையின் ஒரு பாதி ஓய்வில் இருக்கும், துள்ளுவது குறையும், ஒன்றாக நெருங்கி மெதுவாக நீந்தும். துரத்தித் துள்ளவைத்தால் நாம் பறிப்பது அதன் தூக்கத்தை.

ஹவாயில் இதே வகை டொல்பின்களுக்காக 2021இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். கரையிலிருந்து 2 கடல்மைலுக்குள் 50 யார், அதாவது ஏறத்தாழ 45 மீற்றர் தூரத்துக்குள் போட்டோ நீந்துகிறவரோ போகக் கூடாது. அங்கேயும் சுற்றுலாக்காரர் எதிர்த்தார்கள். இருந்தும் விதி வந்தது.

பதிவு 13 | வலை இழுப்பவன்

எல்லோரும் டொல்பினுக்குப் பரிந்து பேசுகிறீர்கள். எங்கள் மீனைக் கலைக்கிறதும் வலையைக் கிழிக்கிறதும் அதுதான். அதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

பதிவு 14 | கொட்பே மீனவன்

தம்பி, வலை கிழிந்தால் வயிறு எரியும், அது எனக்கும் தெரியும். ஆனால் நாங்கள் சூரை தேடிப் போகும்போது முதலில் எதைத் தேடுகிறோம்? பறவையையும் ஓங்கிலையும்தானே. ஓங்கில் ஓடுகிற பக்கம் கீழே பெரிய சூரை ஓடும் என்று எனக்குச் சொல்லித்தந்தது என் அப்பா, உனக்கு உன் அப்பா. அது இல்லாத கடலில் எண்ணெயை எரித்துக்கொண்டு எங்கே போய்த் தேடுவாய்?

கரைக்குக் கிட்ட நிற்கும் வகை சில நேரம் வலையில் மீன் எடுக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மீன் குறைந்ததற்குச் சுருக்குவலையையும் வெடியையும் விட்டுவிட்டு ஓங்கிலைக் காரணம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதிவு 15 | வலை இழுப்பவன்

வெடி போடுகிறவனை எனக்கும் பிடிக்காது அண்ணை. ஆனால் கிழிந்த வலைக்கு யார் காசு தருவது?

பதிவு 16 | ரொறன்ரோவிலிருந்து

2017இல் சம்பூர்ப் பக்கம் திமிங்கிலங்கள் கரையொதுங்கி, கடற்படையும் ஊர்ச் சனமும் சேர்ந்து திரும்பக் கடலுக்குள் தள்ளிய படங்களை இங்கே செய்தியில் பார்த்தேன். அது துறைமுகத்துச் சத்தத்தாலா?

பதிவு 17 | கடல் மாணவி

அவை ஏறத்தாழ இருபது. பைலட் திமிங்கிலம் என்று பெயர் இருந்தாலும் டொல்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றுக்கு மேல் ஒதுங்கியதும் இதே வகை. இவை ஒன்றையொன்று விடாத கூட்டம். ஒன்று நோயுற்றோ வழிதவறியோ கரைக்கு வந்தால் மற்றவையும் தொடர்ந்து வரும். மனிதச் சத்தம் இல்லாத காலத்திலும் இப்படி நடந்திருக்கிறது. உடற்கூற்றுப் பரிசோதனை இல்லாமல் காரணம் சொல்வது சரியல்ல. சம்பூர் மண் அண்ணாவின் ஊர்க்காரர் கழுத்தளவு தண்ணீரில் நின்று அவற்றைத் தள்ளினார்கள் என்பதை மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன்.

காரணம் தெளிவாகத் தெரிந்த இடத்தைப் பாருங்கள்: ஹொங்கொங். அங்கே கரையோரத்தை விட்டு நகராத கூன்முதுகு டொல்பின்கள் இருக்கின்றன. (நம் நாட்டில் அந்த வகையின் நெருங்கிய உறவு புத்தளம், கற்பிட்டிப் பக்கம் இருக்கிறது.) லாந்தாவ் தீவைச் சுற்றி விமான நிலையம், மக்காவோ நகருக்குப் பாலம், மூன்றாவது ஓடுபாதைக்காக 650 ஹெக்டேயர் கடலை நிரப்பியது, வேகப் படகுப் பாதைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 2003இல் ஹொங்கொங் நீரில் 188 என்று மதிப்பிட்டவை 2018இல் 32 ஆகிவிட்டன. ஒவ்வொரு திட்டத்தின் அறிக்கையும் தன் வேலையால் வரும் பாதிப்பைத் தனியாகத்தான் கணக்கிட்டது. எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை டொல்பின்தான் அனுபவித்தது. பாலத்துக்கு ஈடாக ஒரு கடற்பூங்காவை 2016இல் அறிவித்தார்கள். அதற்குள் அந்த இடத்தில் டொல்பினைக் காண்பதே அரிதாகிவிட்டது.

அதே ஹொங்கொங்கில் நல்லதும் ஒன்று நடந்தது. 2020இல் கொரோனாவால் வேகப் படகுகள் நின்றன. சில மாதங்களில் டொல்பின்கள் அந்த நீர்ப்பாதைக்குத் திரும்ப வந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். சத்தத்தைக் குறைத்தால் அவை திரும்ப வருகின்றன. 1996இலேயே அங்கே தூண் அடிக்கும் இடத்தைச் சுற்றிக் காற்றுக்குமிழ்களை எழுப்பி ஒலியைக் குறைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஜேர்மனியில் தூண் அடிக்கும் இடத்திலிருந்து 750 மீற்றரில் ஒலி ஒரு குறித்த அளவைத் தாண்டக் கூடாது என்றே எல்லை வைத்திருக்கிறார்கள். தெரிந்த வழிமுறைகள்தான். திருகோணமலையில் கடலுக்குள் வேலை செய்யும் எவரிடமும் நாம் இவற்றைக் கேட்கலாம்.

பதிவு 18 | கச்சேரியடி

அலுவலக வேலையில் இருந்ததால் சட்டப்பக்கம் கொஞ்சம் தெரியும். கேட்பது என்றால் எப்படிக் கேட்பது என்று சொல்கிறேன்.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தில் கரையோர வலயம் என்பது தரைப்பக்கம் 300 மீற்றர், கடல்பக்கம் 2 கிலோமீற்றர். அதாவது கடலுக்குள் 2 கிலோமீற்றரும் அதே சட்டத்துக்குள்தான் வருகிறது. ஹொட்டேலுக்கு அனுமதி கொடுக்கும்போது 300 மீற்றரைப் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுவது சட்டத்தின் நோக்கமல்ல. உப்புவெளிக்காரி கேட்ட கேள்விக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

பெரிய திட்டங்களுக்குச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அறிக்கை வந்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 வேலை நாட்கள் உண்டு. தமிழிலும் அறிக்கை இருக்க வேண்டும். தமிழிலேயே கருத்து எழுதலாம், அதை அவர்கள் ஏற்கத்தான் வேண்டும். சின்னத் திட்டங்களுக்கு முதனிலைப் பரிசோதனை மட்டும் செய்வார்கள், அதில் மக்கள் கருத்தைக் கேட்கும் கட்டாயம் இல்லை. நிலாவெளியில் வரும் ஹொட்டேல்களில் பல இந்தச் சின்ன வகைக்குள் வந்துவிடலாம். ஒவ்வொன்றும் சின்னதாக இருந்து, சேர்ந்து கரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

அங்கே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். ஒரு கடிதம் போதும். இந்தக் கட்டுமானத்துக்கு அனுமதி கொடுத்தபோது கடற்பக்கப் பாதிப்பை யார் பார்த்தார், அந்த அறிக்கையின் பிரதி வேண்டும் என்று எழுதுங்கள். 14 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

பதிவு 19 | கிண்ணியா நானா

கருத்து எழுதலாம், கடிதம் போடலாம். ஆனால் அவர்கள் எங்களைத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: இங்கே டொல்பின் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? வாயால் சொன்னால் எடுபடாது. அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு என்பார்கள். திரளுகிறதென்றால் எதைக் கொண்டு திரளுவது?

பதிவு 20 | உப்புவெளிக்காரி

நானா கேட்டதுதான் இந்த இழையின் மையம். கட்டுமானம் தொடங்குவதற்கு முன் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை இருந்தன என்ற பதிவு இல்லாவிட்டால், பிறகு குறைந்தது என்று நாம் நிறுவ முடியாது. ஹொங்கொங்கில் 188, 32 என்று சொல்ல முடிவது அவர்கள் வருடாவருடம் எண்ணியதால். எங்கள் கடலில் தொடர்ச்சியான எண்ணிக்கை என்று கையில் எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தில் எந்த அறிக்கையும் "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்று எழுதிவிட்டுப் போகலாம்.

தினமும் கடலில் நிற்கிறவர்கள் மீனவரும் போட்காரரும். இந்தப் பதிவை அவர்கள்தான் எழுத முடியும். சம்பூர் மண் கேட்டதற்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமோ அரசாங்கத்தின் நீர்வள ஆய்வு நிறுவனமான நாராவோ இதை எடுத்து நடத்தினால், கொட்டியாரக் குடாப் பக்கம் எண்ணுகிறவர்கள் மூதூர், சம்பூர்ப் பிள்ளைகளாக இருக்க வேண்டும், அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். இதை நாம் எழுதும் கடிதத்தில் முதல் கோரிக்கையாகவே வைப்போம்.

பதிவு 21 | சம்பூர் மண்

அப்படியென்றால் என் பெயரையும் போடுங்கள். குடாப் பக்கம் நான் ஆள் சேர்க்கிறேன்.

பதிவு 22 | நிலாவெளி போட்

எங்கள் பக்கம் போட்காரர் சிலரோடு பேசினேன். ஒரு கூட்டத்தைச் சுற்றி ஒரே நேரத்தில் மூன்று போட்டுக்கு மேல் நிற்பதில்லை, பக்கவாட்டில் மட்டும் மெதுவாக ஓடுவது, குட்டி தெரிந்தால் விலகுவது. இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லோரும் இல்லை. சில ஹொட்டேல்களே தங்கள் சொந்த போட்டை வைத்திருக்கின்றன, அவர்களிடம் பேச யாராவது என்னோடு வர வேண்டும்.

பதிவு 23 | கடல் மாணவி

நான் வருகிறேன் அண்ணா. பதிவுக்கு இவை போதும்: நாள், நேரம், எந்த இடத்துக்கு நேரே (கோயில் பாறை, புறாமலை, வெளிச்சவீடு என்று கரைக்குறி போதும், போனில் ஜிபிஎஸ் இருந்தால் இன்னும் நல்லது), கண்ட எண்ணிக்கை, குட்டி இருந்ததா, எத்தனை போட் நின்றது, எந்தப் பக்கம் போயின. முதுகுச் செட்டையைப் பக்கவாட்டில் படம் எடுத்தால் அதிலுள்ள வெட்டு, தழும்பைக் கொண்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் காண முடியும். ஒன்றும் காணாத நாளையும் எழுத வேண்டும், மறக்க வேண்டாம். செத்தது மிதந்தாலோ கரையொதுங்கினாலோ தொடாமல் படம் எடுத்து, வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டு இங்கேயும் போடுங்கள். வலையில் மாட்டியதை எழுதுகிறவரின் பெயர் வெளியே போகாது. அதற்கு நெறியாளர் உறுதி தர வேண்டும்.

பதிவு 24 | நெறியாளர்

உறுதி தருகிறேன். வலையில் மாட்டியவை பற்றிய பதிவுகளைத் தனிச் செய்தியாக எனக்கு அனுப்பலாம். பெயரை நீக்கிவிட்டு எண்ணிக்கையையும் இடத்தையும் மட்டும் பட்டியலில் சேர்ப்பேன். வலைச் சேதத்தையும் அதே பட்டியலில் எழுதலாம். நட்டஈடு கேட்பதற்கும் அது உதவும்.

பதிவு 25 | கொட்பே மீனவன்

வலையை 2 மீற்றர் இறக்கிக் கட்டுவதை என் போட்டில் செய்து பார்க்கிறேன். மிதவைக் கயிறு வாங்கிவிட்டேன். ஒரு பாதி வலையை இறக்கியும் மறுபாதியைப் பழையபடியும் விட்டு, இரண்டிலும் விழுந்த மீனை வேறுவேறாக நிறுத்து எழுதுகிறேன். அப்போதுதான் மற்றவர்கள் நம்புவார்கள். வலை இழுப்பவன் தம்பி, நீயும் ஒருநாள் வந்து தராசைப் பார். வாடைக்காற்று தொடங்கினால் எங்களால் வெளியே போக முடியாது. ஆகையால் ஐப்பசிக்கு முன் கணக்கு வர வேண்டும். மாணவித் தங்கச்சி, அந்தப் பதிவுத் தாளைத் தமிழில் அச்சடித்து, மழையில் நனையாத உறையில் போட்டு கொட்பேத் துறைமுகத்துக்குக் கொண்டுவாருங்கள். சங்கத்தில் கொடுத்து ஒவ்வொரு போட்டுக்கும் ஒன்று சேர்ப்பது என் பொறுப்பு.